‘ஹவ் ஆர் யூ’ என்று கேட்டால் என்ன சொல்வது? ஆங்கிலத்தில் பேசத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

‘ஹவ் ஆர் யூ?’ என்று ஒருவர் கேட்டால் அவர் உங்கள் உடம்பைப் பற்றி விசாரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, நேற்று வந்த தலைவலியிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். ‘உங்களைப் பார்த்துவிட்டேன், பேசலாம்’ என்பதைத்தான் அவர் அந்த மூன்று சொல்லில் சொல்கிறார். மானிடவியல் அறிஞர் மாலினோவ்ஸ்கி 1923-இல் இந்த மாதிரிப் பேச்சுக்கு ‘ஃபேட்டிக் கம்யூனியன்’ என்று பெயர் வைத்தார். தகவல் சொல்வதற்கென்று இல்லாமல், ஆளுக்கு ஆள் ஒட்டுதல் உண்டாவதற்காகவே பேசுகிற பேச்சு என்று அர்த்தம். எல்லா மொழியிலும் இது உண்டு, அந்தந்த மொழியில் அதற்கென்று பழகிய பதில்களும் உண்டு. ஆங்கில இலக்கணம் நன்றாகத் தெரிந்தவர்கள்கூட முதல் அரை நிமிடத்தில் திணறுவதற்குக் காரணம் இதுதான்: வாக்கியத்தின் பொருளை வைத்துப் பதில் தேடுகிறார்கள். அந்த வாக்கியம் எதற்காகப் பேசப்பட்டது என்று பார்த்தால் பதில் தானாக வரும். கீழே சொல்லப்போவது எல்லாமே இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான்.

முதல் படி: சுருக்கமாகச் சொல்லுங்கள், திருப்பிக் கேளுங்கள்

‘ஹவ் ஆர் யூ?’ என்றால் பதிலில் மூன்று துண்டு இருக்க வேண்டும். நன்றாக இருக்கிறேன் என்று ஒரு சொல், ஒரு நன்றி, அப்புறம் அவரை ஒரு கேள்வி. ‘ஃபைன், தேங்க்ஸ். ஹவ் ஆர் யூ?’ அவ்வளவுதான். பள்ளியில் சொல்லிக்கொடுத்த ‘ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ, அண்ட் யூ?’ தப்பில்லை, யாரும் சிரிக்க மாட்டார்கள். ஆனால் பேச்சில் அதிகம் காதில் விழுவது ‘குட், தேங்க்ஸ், யூ?’, ‘ப்ரிட்டி குட், ஹவ் அபௌட் யூ?’ போன்றவைதான். ‘ஐ ஆம் குட்’ என்பது தப்பு, ‘ஐ ஆம் வெல்’ என்றுதான் சொல்ல வேண்டும் என்று திருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், பேச்சில் இரண்டுமே ஓடுகின்றன.

இதில் பலரும் விட்டுவிடுவது மூன்றாவது துண்டை. ‘ஃபைன்’ என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் கதவைச் சாத்தியது போல இருக்கும், உங்களோடு பேச விருப்பமில்லை என்று எதிராளி எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு.

இன்னொரு நுணுக்கம், இதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால்தான் பிடிபடும். முதலில் கேட்பவர் ‘ஹவ் *ஆர்* யூ’ என்று ‘ஆர்’ மேல் அழுத்தம் கொடுப்பார். நீங்கள் திருப்பிக் கேட்கும்போது அந்த அழுத்தம் ‘யூ’ மேல் போக வேண்டும்: ‘ஃபைன், தேங்க்ஸ். ஹவ் ஆர் *யூ*?’ நான் சொல்லிவிட்டேன், இப்போது நீங்கள் சொல்லுங்கள் என்பது அந்த அழுத்தத்தில்தான் இருக்கிறது. இரண்டு பேரும் ஒரே மாதிரி அழுத்தினால் கேட்டதையே கிளிப்பிள்ளை மாதிரி திருப்பிச் சொன்னது போலாகிவிடும். தனியாக இருக்கும்போது பத்து தடவை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், நாக்குப் பழகிவிடும்.

நிஜமாகவே உடம்பு சரியில்லை என்றால்? பழக்கமில்லாதவர் என்றால் அப்போதும் ‘ஃபைன்’ போதும், அது பொய் ஆகாது, மரியாதை. ஓரளவு தெரிந்தவர் என்றால் ‘எ பிட் டயர்ட், பட் ஓகே’ என்று சொல்லலாம். நெருங்கிய நண்பர் என்றால் தாராளமாக ‘ஆக்சுவலி, நாட் க்ரேட்’ என்று ஆரம்பித்துப் பேசலாம். நீங்கள் ‘ஃபைன்’ என்று சொன்ன பிறகும் ஒருவர் நின்று, ‘நோ, ரியலி, ஹவ் ஆர் யூ?’ என்று மறுபடி கேட்டால் அவருக்கு உண்மையான பதில் வேண்டும். மருத்துவரிடமும் இப்படித்தான். உள்ளே நுழையும்போது அவர் கேட்கும் ‘ஹவ் ஆர் யூ’ பெரும்பாலும் வணக்கம்தான், அடுத்து ‘வாட் ப்ரிங்ஸ் யூ இன் டுடே?’ என்று கேட்பார் பாருங்கள், நோயைச் சொல்ல வேண்டிய இடம் அது.

ஒரே கேள்விக்கு ஊருக்கு ஒரு சட்டை

‘ஹவ்ஸ் இட் கோயிங்?’ என்றாலும் ‘ஹவ் ஆர் யூ டூயிங்?’ என்றாலும் அதே கேள்விதான், அதே ‘குட், தேங்க்ஸ், யூ?’ போதும். அமெரிக்கர்கள் அடிக்கடி சொல்லும் ‘வாட்ஸ் அப்?’ மட்டும் கொஞ்சம் வேறு. அதற்கு ‘ஃபைன்’ என்று சொன்னால் ஒட்டாது. ‘நாட் மச். யூ?’ என்று சொல்லுங்கள், அல்லது போகிற போக்கில் அவர்களே செய்வதுபோல ‘ஹே, வாட்ஸ் அப்’ என்று அதையே திருப்பிச் சொல்லிவிட்டு நடக்கலாம்.

பிரிட்டனில் ‘யூ ஆல்ரைட்?’ என்று கேட்பார்கள். புதிதாகப் போனவர்கள் இதைக் கேட்டதும், நம் முகத்தில் ஏதோ வாட்டம் தெரிகிறதோ என்று பதறிப்போவார்கள். ஒன்றுமில்லை, அது அவர்களுடைய ‘ஹவ் ஆர் யூ’. ‘யா, யூ?’ என்று சொன்னால் தீர்ந்தது. ஆஸ்திரேலியாவில் ‘ஹவ் யா கோயிங்?’ என்பார்கள். எதில் போகிறீர்கள் என்று கேட்கவில்லை, எனவே பஸ், ரயில் என்று பதில் சொல்ல வேண்டாம். ‘குட், தேங்க்ஸ்’ போதும். பிரிட்டிஷ்காரர் ஒருவர் ‘நாட் பேட்’ என்று பதில் சொன்னால் சுமார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், நன்றாகவே இருக்கிறார்.

காதுக்கு ஒன்றுபோல ஒலிக்கும் நான்கு கேள்விகளை மட்டும் பிரித்துவைத்துக்கொள்ளுங்கள். ‘ஹவ் டூ யூ டூ?’ என்பது முதல் சந்திப்பில் சொல்லும் பழைய காலத்து முறையான வணக்கம். அதற்குப் பதிலும் ‘ஹவ் டூ யூ டூ?’ என்பதேதான். இப்போது அபூர்வமாகத்தான் கேட்கும், நீங்களாக முந்திச் சொல்ல வேண்டிய தேவை வராது. ‘ஹவ் ஆர் யூ டூயிங்?’ நலம் விசாரிப்பது. ‘வாட் ஆர் யூ டூயிங்?’ இந்த நிமிடம் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்பது. ‘வாட் டூ யூ டூ?’ என்றால் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று அர்த்தம், ‘ஐ ஆம் எ நர்ஸ்’, ‘ஐ வொர்க் இன் அக்கவுண்ட்ஸ்’ என்று தொழிலைச் சொல்ல வேண்டும். கடைசிக் கேள்விக்கு ‘நத்திங்’ என்று பதில் சொல்லிவிட்டால் வேலையில்லாமல் இருக்கிறேன் என்று சொன்னதாக ஆகிவிடும்.

அறிமுகம்

பெயர் சொல்லும்போது ‘மைசெல்ஃப் குமார்’ வேண்டாம். ‘ஐ ஆம் குமார்’ அல்லது ‘மை நேம் இஸ் குமார்’. அவர் பெயரைக் கேட்க ‘வாட் இஸ் யுவர் குட் நேம்?’ என்பது நம் பக்கத்து ஆங்கிலத்தில் மட்டும் இருக்கும் வழக்கு, வெளியே புரியாது. ‘ஐ ஆம் குமார், அண்ட் யூ ஆர்?’ என்று இழுத்து நிறுத்தினால் அவரே பெயரைச் சொல்லிவிடுவார்.

‘நைஸ் டு மீட் யூ’ என்பது ஒருவரை முதல்முறை பார்க்கும்போது மட்டும். ‘நைஸ் டு மீட் யூ டூ’ என்று பதில் சொல்லுங்கள். இரண்டாவது தடவையிலிருந்து ‘மீட்’ போய் ‘சீ’ வந்துவிடும்: ‘நைஸ் டு சீ யூ அகெய்ன்’. மாற்றிச் சொன்னால், போன மாதம் பார்த்துப் பேசியது இவருக்கு நினைவில்லையே என்று எதிராளி வருத்தப்படலாம். முதல் சந்திப்பு முடிந்து கிளம்பும்போது ‘நைஸ் மீட்டிங் யூ’.

‘குட் மார்னிங்’ நண்பகல் வரை, ‘குட் ஆஃப்டர்நூன்’ அதற்குப் பிறகு, ஏறக்குறைய ஐந்து ஆறு மணியிலிருந்து ‘குட் ஈவ்னிங்’. எவ்வளவு நேரம் ஆனாலும், இரவு பத்து மணிக்கே ஒருவரைப் பார்த்தாலும் ‘குட் ஈவ்னிங்’தான். ‘குட் நைட்’ விடைபெறும்போது மட்டும்.

மிஸ்டர், மிஸ் போன்றவற்றைக் குடும்பப் பெயரோடுதான் சேர்க்க வேண்டும், முதல் பெயரோடு சேர்த்து ‘மிஸ்டர் ஜான்’ என்பது அவர்களுக்கு விநோதமாக இருக்கும். ‘ப்ளீஸ் கால் மீ ஜான்’ என்று அவர் சொன்ன பிறகும் சார், சார் என்று கூப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டாம். தயக்கமாக இருக்கும், எனக்குப் புரிகிறது. வயதில் பெரியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட நமக்கு நாக்கு வராது. ஆனால் அவர் உங்களுக்கு நெருக்கத்தைக் கொடுத்திருக்கிறார், அதை வாங்கிக்கொள்வதுதான் அங்கே மரியாதை.

கேட்கும் விதத்தில் மரியாதை எங்கே இருக்கிறது

எனக்கு இது எல்லாவற்றையும்விட முக்கியமான படி. தமிழில் மரியாதை வினைச்சொல்லின் வாலில் உட்கார்ந்திருக்கிறது. ‘கொடு’ என்பதை ‘கொடுங்க’ என்றதும் காரியம் முடிந்தது, தனியாகத் தயவுசெய்து என்று சேர்க்க வேண்டிய அவசியம் அன்றாடப் பேச்சில் இல்லை. அந்த ‘ங்க’ ஆங்கிலத்தில் கிடையாது. ஆகவே மனதில் ‘அந்தப் பேனாவைக் கொடுங்க’ என்று பணிவாக நினைத்துக்கொண்டு ‘கிவ் மீ தட் பென்’ என்று நீங்கள் சொன்னால், கேட்பவர் காதில் ‘அந்தப் பேனாவைக் கொடு’ என்றுதான் விழுகிறது. உங்கள் மனதில் இருந்த மரியாதை வழியிலேயே தொலைந்துவிடுகிறது. தமிழர்கள் முரட்டுத்தனமாகப் பேசுகிறார்கள் என்று யாராவது நினைத்தால் அதற்கு இது பெரிய காரணம், எனக்கு அது உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

அதனால் எதைக் கேட்டாலும் கேள்வியாகக் கேட்கப் பழகுங்கள். ‘குட் யூ பாஸ் மீ தட் பென், ப்ளீஸ்?’, ‘கேன் ஐ ஹேவ் எ லுக்?’, ‘குட் ஐ கெட் எ காஃபி, ப்ளீஸ்?’ என்று (இந்தக் ‘குட்’ could, நல்லது என்னும் good இல்லை). ‘ஐ வாண்ட்’ என்பதை ‘ஐ’ட் லைக்’ என்று மாற்றுங்கள். ‘ப்ளீஸ்’ சேர்த்தால் மட்டும் போதாது. ‘ப்ளீஸ் சென்ட் த ஃபைல்’ என்பதில் இன்னும் கட்டளையின் வாடை இருக்கிறது, ‘குட் யூ சென்ட் மீ த ஃபைல்?’ என்பதில் இல்லை.

மறுப்பதிலும் இப்படியே. நேரே ‘நோ, ஐ கேனாட்’ என்பதைவிட ‘சாரி, ஐ ஆம் அஃப்ரெய்ட் ஐ காண்ட்’ நல்லது. இதில் பயத்துக்கு வேலை இல்லை, முடியாது என்பதை மெதுவாகச் சொல்லும் வழி இது. எது வேண்டும் என்று கேட்கும்போது உங்களுக்கு எதுவானாலும் சரி என்றால் ‘ஐ டோண்ட் மைண்ட்’ என்று சொல்லுங்கள். ‘ஐ டோண்ட் கேர்’ என்று சொல்லிவிடாதீர்கள், ‘எனக்கு இதில் அக்கறையே இல்லை’ என்று காதில் விழும். ‘ஆஃப் கோர்ஸ்’ என்பதிலும் கவனம் வேண்டும். உதவி கேட்பவரிடம் சொன்னால் ‘தாராளமாக’ என்று அர்த்தம். ‘இஸ் த ஆஃபீஸ் ஓப்பன் டுடே?’ என்று தகவல் கேட்பவரிடம் சொன்னால் ‘இதுகூடத் தெரியாதா’ என்று குத்துவது போலிருக்கும். அங்கே ‘யெஸ், இட் இஸ்’ போதும்.

ஆமாம் என்றால் இல்லை, இல்லை என்றால் ஆமாம்

‘டூ யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்?’ என்று ஒருவர் காலி நாற்காலியைக் காட்டிக் கேட்கிறார். சிரித்துக்கொண்டே ‘யெஸ், யெஸ்’ என்கிறீர்கள். அவர் குழம்பி நிற்கிறார். ஏனென்றால் அவர் கேட்டது ‘நான் உட்கார்ந்தால் உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?’ என்று. ஆட்சேபம் உண்டு என்று நீங்கள் சொல்லிவிட்டீர்கள். உட்காரச் சொல்ல வேண்டுமென்றால் ‘நோ, நாட் அட் ஆல்’, ‘நோ, கோ அஹெட்’. கேள்வி புரிந்தும் சட்டென்று எது சரி என்று ஓடவில்லை என்றால் ‘கோ அஹெட்’ மட்டும் சொல்லிக் கையைக் காட்டுங்கள், எந்தக் குழப்பமும் வராது. ‘வுட் யூ மைண்ட் ஓப்பனிங் த விண்டோ?’ என்பதற்கும் ‘நாட் அட் ஆல்’ என்று சொல்லிவிட்டுப் போய்த் திறக்க வேண்டும்.

எதிர்மறைக் கேள்விகளில் இன்னொரு சிக்கல். ‘அவருக்குப் போன் பண்ணலையா?’ என்று கேட்டால் நாம் ‘ஆமாம், பண்ணலை’ என்போம். கேட்டவர் நினைத்தது சரி என்று ஒத்துக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் கேட்டவர் என்ன நினைத்தார் என்பதே கணக்கில் இல்லை, நடந்தது என்ன என்பதுதான் கணக்கு. ‘டிடின்ட் யூ கால் ஹிம்?’ என்றால், பண்ணவில்லை என்றால் ‘நோ, ஐ டிடின்ட்’. பண்ணியிருந்தால் ‘யெஸ், ஐ டிட்’. ‘யெஸ், ஐ டிடின்ட்’ என்று ஒன்று ஆங்கிலத்தில் கிடையாது. வெறும் யெஸ், நோவோடு நிறுத்தாமல் பின்னால் அந்தக் குட்டி வாக்கியத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள், முதல் சொல் தவறிப்போனாலும் இரண்டாவது காப்பாற்றும்.

நன்றி, மன்னிப்பு, வாழ்த்து

‘தேங்க் யூ’ என்றால் ‘யூ ஆர் வெல்கம்’. வெறும் ‘வெல்கம்’ என்று மட்டும் சொன்னால் வாசலில் வரவேற்பது போல இருக்கும். ‘மென்ஷன் நாட்’ என்பதை விட்டுவிடுங்கள், அந்த இடத்தில் ‘டோண்ட் மென்ஷன் இட்’. சின்ன உதவிக்கு ‘நோ ப்ராப்ளம்’, ‘நோ வொரீஸ்’, கொஞ்சம் கௌரவமாக ‘மை ப்ளெஷர்’. பிரிட்டனில் ஒருவர் ‘சியர்ஸ்’ என்றால் பெரும்பாலும் அதுவும் நன்றிதான்.

யாராவது ‘சாரி’ சொன்னால் ‘தட்ஸ் ஆல்ரைட்’ அல்லது ‘நோ வொரீஸ்’. ‘எக்ஸ்க்யூஸ் மீ’ பொதுவாகத் தொந்தரவு செய்வதற்கு முன்னால், ‘சாரி’ செய்த பிறகு. உங்கள் வீட்டில் நடந்த கெட்ட செய்தியைக் கேட்டு ஒருவர் ‘ஐ ஆம் சோ சாரி’ என்றால் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, துக்கத்தில் பங்குகொள்கிறார். அதற்கு ‘இட்ஸ் ஓகே’ என்று சொல்வதைவிட ‘தேங்க் யூ’ என்று சொல்வது பொருத்தம். நீங்கள் அந்தப் பக்கம் இருந்தால் ‘ஐ ஆம் சாரி ஃபார் யுவர் லாஸ்’ என்று சொல்லி நிறுத்துங்கள், அதற்கு மேல் வார்த்தை தேடித் தவிக்க வேண்டாம்.

வாழ்த்துகளில் ஒரே ஒரு கேள்வி: இந்த நாள் அவருக்கும் உரியதா? ‘ஹேப்பி நியூ இயர்’, ‘ஹேவ் எ நைஸ் வீக்எண்ட்’, ‘டேக் கேர்’ எல்லாம் இரண்டு பேருக்கும் பொருந்தும், எனவே ‘யூ டூ’ அல்லது ‘சேம் டு யூ’. உங்கள் பிறந்தநாளுக்கு ‘ஹேப்பி பர்த்டே’ சொன்னால், தேர்வில் ஜெயித்ததற்கு ‘கங்க்ராஜுலேஷன்ஸ்’ சொன்னால், ‘கெட் வெல் சூன்’ சொன்னால், ‘தேங்க் யூ’ மட்டும். தும்மும்போது ‘ப்ளெஸ் யூ’ என்பார்கள், அதற்கும் ‘தேங்க் யூ’தான். ஊருக்குக் கிளம்புகிறவரிடம் ‘ஹேப்பி ஜர்னி’ என்பதைவிட ‘ஹேவ் எ சேஃப் ட்ரிப்’ எங்கும் செல்லும்.

போனிலும் மெயிலிலும்

தொலைபேசி வந்த புதிதில் எடுத்ததும் என்ன சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை. கிரகாம் பெல் ‘அஹாய்’ என்று சொல்ல வேண்டும் என்றார், எடிசன் 1877-இல் எழுதிய கடிதத்தில் ‘ஹலோ’ போதும் என்றார், எடிசன் சொன்னதே நிலைத்தது. எனவே ‘ஹலோ’, அடுத்து உடனே உங்கள் பெயர்: ‘ஹலோ, திஸ் இஸ் மாலா.’ போனில் ‘ஐ ஆம் மாலா’ என்பதைவிட ‘திஸ் இஸ் மாலா’தான் வழக்கம். எதிரில் யார் என்று தெரியவில்லை என்றால் ‘ஹூ ஆர் யூ?’ வேண்டவே வேண்டாம், ‘மே ஐ ஆஸ்க் ஹூஸ் காலிங்?’ என்று கேளுங்கள். ‘டெல் மீ’ என்று ஆரம்பிப்பதும் நம் ‘சொல்லுங்க’வின் நிழல், அங்கே அதட்டல் மாதிரி ஒலிக்கும். ‘ஹவ் கேன் ஐ ஹெல்ப்?’ என்று கேட்கலாம்.

மெயிலில் ‘ரெஸ்பெக்டட் சார்’ என்பதற்குப் பதில் ‘டியர்’ போட்டுப் பெயர். முடிவில் ‘பெஸ்ட் ரிகார்ட்ஸ்’ எல்லா இடத்துக்கும் பொருந்தும். ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்று எழுதினால் உங்கள் பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று படிப்பவர் எடுத்துக்கொள்ளக்கூடும், ‘ஐ ஹேவ் எ க்வெஸ்சன்’ என்று எழுதுங்கள். ‘டூ த நீட்ஃபுல்’ என்று முடிக்காமல், என்ன வேண்டும் என்பதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

கிளம்பும்போது

சட்டென்று ‘பை’ சொல்லித் திரும்பினால் வெடுக்கென்று இருக்கும். முன்னால் ஒரு சின்ன முன்னறிவிப்பு கொடுங்கள்: ‘எனிவே, ஐ ஷுட் கெட் கோயிங்.’ அப்புறம் ‘இட் வாஸ் நைஸ் டாக்கிங் டு யூ’, அப்புறம் ‘சீ யூ’. ‘போயிட்டு வரேன்’ என்பதை அப்படியே ‘ஐ வில் கோ அண்ட் கம்’ என்று சொன்னால் கொஞ்ச நேரத்தில் திரும்பி வருவீர்கள் என்று காத்திருப்பார்கள். ‘சீ யூ லேட்டர்’ என்று அவர் சொன்னால் எத்தனை மணிக்கு என்று கேட்க வேண்டாம், அது வெறும் விடைபெறுதல். ‘லெட்ஸ் கேட்ச் அப் சம்டைம்’ என்பதும் பாதி அப்படித்தான், தேதி குறித்தால்தான் அது சந்திப்பு. உங்களுக்கு உண்மையில் பார்க்க விருப்பம் இருந்தால் ‘ஐ’ட் லவ் டு. ஹவ் அபௌட் சாட்டர்டே?’ என்று நீங்களே ஒரு நாளைச் சொல்லிவிடுங்கள்.

புரியாதபோது

இவ்வளவும் பழகிய பிறகும் சில சமயம் அவர் வேகமாக ஏதோ சொல்வார், ஒன்றுமே பிடிபடாது. பலர் அந்த இடத்தில் சிரித்துத் தலையாட்டிவிடுகிறார்கள். அவர் கேட்டது ‘எங்கே இறங்க வேண்டும்’ என்பதாக இருக்கலாம், ‘உங்களுக்கு ஒவ்வாமை எதுவும் உண்டா’ என்பதாகவும் இருக்கலாம், தலையாட்டல் ஆபத்து. ‘வாட்?’ என்று கேட்டால் முகத்தில் அடித்தது போல் இருக்கும். ‘சாரி?’ என்று கடைசியில் குரலை உயர்த்திக் கேளுங்கள், சொன்னதையே மறுபடி சொல்வார். அப்போதும் புரியவில்லை என்றால் ‘குட் யூ சே தட் எ பிட் ஸ்லோவர், ப்ளீஸ்?’ மூன்றாவது முறையும் பிடிபடாவிட்டால், புரிந்த வரைக்கும் நீங்களே சொல்லிப் பாருங்கள்: ‘டூ யூ மீன் டுமாரோ மார்னிங்?’ அவர் ஆமாம் என்பார், அல்லது தவறான அந்த ஒரு சொல்லை மட்டும் திருத்துவார். இந்த மூன்று வாக்கியங்களையும் இன்றைக்கே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், மற்றவை பின்னால் வரட்டும்.